ஒன்றேகால் மணிக்கு ஒரு வார்த்தை

ராபியா பதினேழு வருடமாகப் பார்த்துவந்த வேலையில், படிக்கக் கூடாது என்பதுதான் முதல் விதி. வெளிநாட்டுப் பதிப்பகங்கள் அனுப்பும் புத்தகங்களுக்குப் பக்கம் கட்டி, பிழை பார்த்து, திருப்பி அனுப்பும் கம்பெனி அது. அம்பத்தூர் எஸ்டேட்டில், சாயப்பவுடர் வாசனை வீசும் ஒரு தெருவின் கோடியில் மூன்று மாடிக் கட்டடம். இடதுபக்கத் திரையில் அவர்கள் அனுப்பிய மூலம் இருக்கும். வலதுபக்கத் திரையில் இங்கே கட்டிய பக்கம். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அர்த்தத்துக்குள் போய்விட்டால் கண் எழுத்தை விட்டுவிடும். அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிவிடுவார்கள், படிக்காதே, பார் என்று.

அவளுக்கு அகராதிப் பிரிவு. காலையிலிருந்து மாலைவரை யாரும் எங்கும் பேசாத இங்கிலீஷ் வார்த்தைகள் கண் முன்னால் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். மதியம் பன்னிரண்டு மணிக்குமேல் தூக்கம் கண்ணைச் செருகும். தூக்கம் வராமலிருக்க அவள் ஒரு வழி வைத்திருந்தாள். அன்றைக்குப் பார்த்ததில் வாயில் நுழையாத வார்த்தை ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வாள். சாப்பாட்டு நேரத்தில், சரியாக ஒன்றேகால் மணிக்கு, மாடிப்படி ஓரம் போய் நின்று கணவன் மஸூதுக்குப் போன் போடுவாள். ஹலோ கிடையாது, சாப்பிட்டாயா கிடையாது. அந்த வார்த்தையைத்தான் முதலில் சொல்வாள்.

மஸூத் பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஒரு ஷெட்டில் வேலை செய்தான். லாரி, வேன், டெம்போக்களைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டாரைப் பிரித்து, எரிந்துபோன காயிலைக் கழற்றி, புதிதாகச் சுற்றிக் கொடுக்கிற வேலை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். பக்கத்தில் எப்போதும் கிரைண்டர் ஓடும், யாராவது தகரத்தைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சத்தத்தில் அவள் சொல்கிற வார்த்தை அவன் காதில் ஒருநாளும் சரியாக விழுந்ததில்லை. இரு இரு என்பான், பிறகு விழுந்ததை வைத்து அவனே ஒரு அர்த்தம் சொல்லிவிடுவான்.

மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழும் வாசனைக்கு பெட்ரிக்கோர் என்று ஒரு வார்த்தை உண்டு. அது அவன் காதில் பெட்டிக்கோர் என்று விழுந்தது. போன பெருநாளைக்கு மடித்து வைத்த துணியை அடுத்த பெருநாளைக்கு எடுக்கும்போது பெட்டியிலிருந்து வருமே பாச்சை உருண்டை வாசனை, அதுதானே என்று கேட்டான். வேலையை நாளை நாளை என்று தள்ளிப்போடுவதற்கு ப்ரோக்ராஸ்டினேட். அதை அவன் ப்ரோக்ராஸ்டிநேத்து ஆக்கினான். செய்யாத வேலையை நேற்றே முடித்துவிட்டதாகக் கஸ்டமரிடம் சொல்வதாம். தூக்கத்தில் நடப்பவனுக்கு ஸோம்னாம்புலிஸ்ட் என்று பெயர் என்றால், அவன் சோம்னாம்பஸ் என்றான். பஸ்ஸில் நின்றபடியே தூங்கி, சரியாக வானகரம் சிக்னலில் முழித்துக்கொள்கிற ஆள்.

ராபியா சிரிப்பாள். பிறகு மேலே வந்து, அதை இங்கிலீஷில் அகராதி போலவே எழுதி, தன் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலில் சேர்த்து வைப்பாள். வார்த்தை, அது பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா, பொருள், உதாரணம் என்று எல்லாம் முறையாக இருக்கும். பிரிவில் தெலுங்குக்காரர்களும் மலையாளிகளும் இருந்ததால் அவர்களுக்கும் புரிய வேண்டும். நல்லதாக இருந்தால் தண்ணீர் மெஷினுக்குப் பக்கத்திலிருந்த வெள்ளைப் பலகையில் எழுதிவைப்பாள். இரண்டு வருடத்தில் அது ஒரு வழக்கமாகிவிட்டது. மற்ற மாடிகளிலிருந்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் வந்து படித்துவிட்டுப் போனார்கள். ஆண்டு விழாவில் அவளை மேடைக்குக் கூப்பிட்டு, கம்பெனியிலேயே நகைச்சுவை உணர்வு அதிகமுள்ளவர் என்று சொல்லி ஒரு கோப்பை கொடுத்தார்கள். அவளுடைய டீம் லீடர் ஜெயப்பிரியா, இவ்வளவு அமைதியாக இருந்துகொண்டு எங்கிருந்துதான் இதையெல்லாம் பிடிக்கிறீர்கள் என்று கேட்டாள். ராபியா சிரித்து வைத்தாள். என் வீட்டுக்காரர் சொன்னது என்று சொல்ல அந்த ஒரு நிமிஷம் போதும். சொல்லவில்லை. சொல்லாமல் போக ஏதாவது காரணம் இருந்ததா என்று பின்னால் யோசித்துப் பார்த்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒன்றேகால் மணிக்குப் போன் போட்டு ஹலிடோசிஸ் என்றாள். வாய் நாற்றத்துக்கு டாக்டர்கள் சொல்கிற வார்த்தை. மறுபக்கம் கிரைண்டர் ஓடவில்லை. ஷெட் ஓனர் கன்னியப்பன்தான் பேசினார். மஸூத் வேனுக்கு அடியில் படுத்திருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே கிடந்துவிட்டான், ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்திருக்கிறோம், உடனே வாம்மா என்றார். அவள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நாற்பத்தாறு வயது.

கணவன் இறந்தால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போகாமல் இருப்பது இத்தா. கம்பெனியில் அதைப் புரிந்துகொண்டார்கள். முதல் மாதம் விடுப்பு கொடுத்தார்கள். அதன்பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்யட்டும் என்று அவளுடைய ஃபைல்களை ஏற்றிய லேப்டாப்பையும் இன்னொரு திரையையும் அனுப்பிவைத்தார்கள். பூந்தமல்லி பள்ளிவாசல் தெருவில், மாடி வீட்டின் உள் அறையில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு அதில் அவற்றை வைத்துக்கொண்டாள். ஜன்னலில் துணி மறைப்பு. மகள் ரூஹி பத்தாவது படிக்கிறாள், காலையில் போனால் டியூஷன் முடிந்து மாலையில்தான் வருவாள். கீழ் வீட்டில் மஸூதின் தங்கை இஃபத். அவள்தான் வேளாவேளைக்குச் சாப்பாடும் டீயும் கொண்டுவந்து வைத்தாள்.

ராபியா அழவில்லை. வந்தவர்கள் அதைக் கவனித்தார்கள். சிலர் பொறுமைசாலி என்றார்கள், சிலர் ஒன்றும் சொல்லாமல் போனார்கள். அவளுக்குத் துக்கம் என்று தனியாக ஒன்று வந்து நிற்கும், அப்போது அழுதுகொள்ளலாம் என்றுதான் தோன்றியது. வந்ததெல்லாம் ஒருவித மரத்துப்போதல். காலை மடித்து வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் கால் இருக்கிறதென்று தெரியும், தொட்டால் தெரியாது. அந்த மாதிரி. குழம்பு சூடாக இருக்கிறதா, மணி என்ன, நேற்று குளித்தோமா என்பதெல்லாம் யாராவது கேட்டால்தான் நினைவுக்கு வந்தது.

ஒருநாள் இஃபத் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். ராபியா குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சக்கர போட மறந்துட்டேன் பாபி" என்றாள் இஃபத். "நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன்."

ராபியா டம்ளரைப் பார்த்தாள். அடியில் கொஞ்சம் டீத்தூள் இருந்தது. அன்று வேலையில் ஏதோ மருத்துவ அகராதி. அனஸ்தீசியா என்ற வார்த்தை திரையில் இருந்தது. இஃபத் போனதும் ராபியா தன் ஃபைலைத் திறந்து, அனஸ்டீசியா என்று அடித்தாள். டீ குடித்து முடித்த பிறகும் அதில் சர்க்கரை இருந்ததா என்று தெரியாத நிலை. அவளாகவே செய்த முதல் வார்த்தை அது. படித்துப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. அது உண்மையாகவே இருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வேறு எதையும் முயற்சி செய்யவில்லை.

இத்தா முடிந்து டிசம்பரில் ஆபீசுக்குப் போனாள். அவள் கண்ணில் படக் கூடாதென்று பலகையைத் துடைத்து வைத்திருந்தார்கள். யாரும் அவளை எழுதச் சொல்லவில்லை. துக்கத்தில் இருக்கிறாள், மெதுவாக வரட்டும் என்று விட்டுவிட்டார்கள். காத்திருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது. வராது என்பதும் தெரிந்தது. ஒன்றேகால் மணிக்கு டிபன் பாக்ஸைத் திறப்பாள், மூடுவாள், திரும்பப் போய் உட்காருவாள். இடது பக்கம், வலது பக்கம். முன்பைவிட வேலை வேகமாக நடந்தது.

மார்ச் மாதம் வெளிநாட்டிலிருந்து ஒரு மெயில் வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்காக ஆயிரம் அபூர்வ வார்த்தைகள் கொண்ட அகராதி ஒன்றை அந்தப் பதிப்பகம் வெளியிட்டிருந்தது. ஒரு பள்ளி ஆசிரியை அவர்களுக்கு எழுதியிருக்கிறார். புத்தகத்தில் ஒரு வார்த்தை என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, தினமும் பேச்சில் பயன்படுத்துகிறார்கள், அதன் வேர்ச்சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன் என்று. பதிப்பகத்தார் தங்கள் மூலத்தில் தேடியிருக்கிறார்கள். அதில் அப்படி ஒரு வார்த்தையே இல்லை. உலகத்தில் வேறெந்த அகராதியிலும் இல்லை.

அந்த வார்த்தை டிபனஸ்ட்ரேஷன்.

மஸூத் சொன்னதுதான். ஒருவரை ஜன்னல் வழியாகத் தூக்கி வெளியே எறிவதற்கு டிஃபெனஸ்ட்ரேஷன் என்று இங்கிலீஷில் ஒரு வார்த்தை இருக்கிறது. ராபியா அதைச் சொன்னபோது, "இன்னா, டிபனா? ஜன்னலாண்ட குந்திகினு, ஊட்ல கட்டிக்குடுத்த உப்புமாவ ஓடற பஸ்லேர்ந்து வெளிய கொட்டறதுதான?" என்று அவன் கேட்டிருந்தான். அப்படியே அவள் ஃபைலில் ஏற்றியிருந்தாள். பெயர்ச்சொல். பொருள், மதிய உணவை ஓடும் பேருந்தின் ஜன்னல் வழியே எறிதல், குறிப்பாக உப்புமாவை. இப்போது அது நல்ல காகிதத்தில், டி வரிசையில், நூற்றெண்பத்தேழாம் பக்கத்தில் அச்சாகியிருந்தது.

பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். அக்டோபர் மாதம் பதிப்பகம் கடைசி நேரத்தில் கூடுதலாகச் சில வார்த்தைகள் அனுப்பி, அந்தந்த எழுத்து வரிசையில் சேர்க்கச் சொல்லியிருந்தது. சேர்த்தது ராபியா, வீட்டிலிருந்து. பதிப்பகத்தின் ஃபைலும் அவளுடைய ஃபைலும் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருக்க வேண்டும். ஒன்றிலிருந்து எடுப்பதற்குப் பதில் மற்றதிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறாள். அதற்குப்பின் இரண்டு பேர் அந்தப் பக்கத்தைச் சரிபார்த்திருந்தார்கள். அவள் கொடுத்த ஃபைலுக்கும் கட்டிய பக்கத்துக்கும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. யாரும் படிக்கவில்லை.

ஜெயப்பிரியா அவளைத் தனியறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். பதிப்பகத்துக்கு அன்று மாலைக்குள் பதில் போயாக வேண்டும். இரண்டு ஃபைலைச் சேர்க்கும்போது சாஃப்ட்வேரில் ஏற்பட்ட கோளாறு என்று எழுதிவிடலாம், மேலே இருப்பவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன், உங்கள் பெயரே வராது என்றாள். உண்மையாகவே காப்பாற்றத்தான் நினைத்தாள்.

"சாஃப்ட்வேர் இல்ல ஜெயா. நான்தான் போட்டிருக்கேன்" என்றாள் ராபியா. "போட்டது ஞாபகம் இல்ல. ஆனா நான்தான்."

"அந்த நேரத்துல உங்க நிலைமை அப்படி. யாருக்கும் அது புரியும்."

"வார்த்தையும் என்னோடது இல்ல. என் வீட்டுக்காரர் சொன்னது."

ஜெயப்பிரியா புரியாமல் பார்த்தாள். இந்த ஒரு வார்த்தையா என்று கேட்டாள். எல்லாம் என்றாள் ராபியா. பலகையில் எழுதியது, ஆண்டு விழாவுக்கு முந்தையது, பிந்தையது, எல்லாமே. அவர் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன், அவ்வளவுதான் என் வேலை. ஒரே ஒரு வார்த்தை மட்டும் நான் செய்தேன், அது நன்றாக இல்லை.

ஜெயப்பிரியாவுக்குக் கண் கலங்கியது. ராபியா மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். இவள் எதற்கு அழுகிறாள் என்று ஒரு கணம் அவளுக்குப் புரியவேயில்லை.

உள்ளது உள்ளபடியே பதில் போனது. ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. எழுத்துமூலம் ஒரு எச்சரிக்கைக் கடிதம். இனி அகராதிப் பிரிவில் வேலை கிடையாது, சொல்லடைவுப் பிரிவுக்கு மாற்றம். புத்தகங்களின் கடைசியில் எந்த வார்த்தை எந்தப் பக்கத்தில் வருகிறது என்று பட்டியல் இருக்குமே, அதைச் சரிபார்க்கிற இடம். பதிப்பகம் அடுத்த பதிப்பில் அந்த வார்த்தையை எடுத்துவிடும். அச்சடித்து வெளியே போனவை போனவைதான். ஆபீசுக்கு வந்த மாதிரிப் பிரதியை ஜெயப்பிரியா ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ராபியாவின் பைக்குள் வைத்துவிட்டாள். யாரிடமும் கேட்டிருக்க மாட்டாள்.

வீட்டில் ரூஹி அந்தப் பக்கத்தைத் திறந்து நின்றபடியே படித்தாள். "அத்தா பேரு போடலியேம்மா" என்றாள். அகராதியில் யார் பெயரையும் போட மாட்டார்கள் என்று ராபியா சொன்னாள். ரூஹி புத்தகத்தைத் தன் ஸ்கூல் பையில் வைத்துக்கொண்டாள். கேட்டால் அழுதுவிடுவாள் போலிருந்ததால் ராபியா திருப்பிக் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவளே கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். வகுப்பில் எல்லோருக்கும் காட்டினாளாம்.

ஷெட்டிலிருந்து கன்னியப்பன் பலமுறை போன் செய்திருந்தார். மஸூதின் சட்டை, கண்ணாடி, ஒரு ஜோடி செருப்பு, எல்லாம் அங்கேயே இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் அல்லது கொண்டுவந்து தருகிறேன் என்று. வருகிறேன் என்று சொல்லிச் சொல்லி எட்டு மாதம் போய்விட்டது. ஏப்ரல் முதல் சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள்தான். பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுப் பக்கம் திரும்பாமல், மெட்ரோ தூண்களின் நிழலிலேயே நடந்து ஷெட்டுக்குப் போனாள். ஏன் அன்று போனாள் என்றால், புத்தகம் பையில் இருந்தது. வேறு காரணம் இல்லை.

கன்னியப்பன் ஐம்பத்தைந்து வயது ஆள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்து ஸ்டூலைப் போட்டார். வெல்டிங் வேலை செய்யும் ஜீவா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எழுந்து நின்றான். மஸூத் இருந்த மேஜையில் இப்போது யாரோ பழைய டைனமோக்களை அடுக்கியிருந்தார்கள். துணிப்பை ஒன்றில் எல்லாவற்றையும் போட்டு முடிச்சுப்போட்டு வைத்திருந்தார்கள். சட்டையைத் துவைத்திருந்தார்கள். அவன் வாசனை போய்விட்டதே என்று அவளுக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று அவள் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினாள். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். மஸூத் சொன்ன வார்த்தை, வெளிநாட்டில் அச்சாகிவிட்டது, இதுதான் அது, டிபனஸ்ட்ரேஷன்.

கன்னியப்பன் புத்தகத்தைக் கையில் வாங்கவில்லை, கிரீஸ் பட்டுவிடும் என்று. குனிந்து பார்த்தார்.

"டிபனு ஜீவா சொன்னதாச்சே" என்றார்.

ராபியாவுக்கு விளங்கவில்லை. அவர் ஜீவாவைப் பார்த்தார். ஜீவா வேறு பக்கம் பார்த்தான்.

"ஒன்னேகாலு ஆச்சின்னா பாய் போன ஸ்பீக்கர்ல போட்ருவாரும்மா" என்றார் கன்னியப்பன். "அல்லாரும் குந்திகினு சாப்புட்ற நேரம். நீ வார்த்தய சொல்லுவ. பாய் போன பொத்திக்குவாரு, ஆளாளுக்கு ஒன்னு எட்த்துவுடுவோம். எது ஷோக்கா கீதோ அத்த பாய் உன்னாண்ட சொல்லுவாரு. உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்றாள். சத்தத்தில் காதில் விழவில்லை, இரு இரு என்று மஸூத் எப்போதும் சொல்வான். அந்த இரு இருவில்தான் இவர்கள் இருந்திருக்கிறார்கள். ஜீவா மெதுவாக, பெட்டிக்கோரும் ப்ரோக்ராஸ்டிநேத்தும் பாய் சொன்னதுதான் என்றான். சோம்னாம்பஸ் கன்னியப்பன் சொன்னது. டிபனும் உப்புமாவும் மட்டும்தான் தன்னுடையது, தன் வீட்டில் வாரத்துக்கு நான்கு நாள் அதுதான் என்றான்.

ராபியா ஸ்டூலில் உட்கார்ந்தாள். மஸூதும் தன்னைப்போலவே, அடுத்தவர் சொன்னது என்று சொல்லாமல் வைத்திருந்திருக்கிறான். அதற்கு அவளுக்குக் கோபமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. அந்த மேஜையையும், ஈயம் உருக்கும் சட்டியையும், தரையில் மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்கு விரித்திருந்த பழைய பேனரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு காலமும் ஒருவனுக்குப் போன் செய்வதாக நினைத்து ஒரு கூட்டத்துக்கே போன் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

"அப்பால போனே வர்ல" என்றார் கன்னியப்பன். "கொஞ்ச நாளு அந்த டைம் ஆனா யாரும் பேசிக்க மாட்டோம்." சொல்லிவிட்டு அவர் டீ வாங்கிவரப் பார்த்தார். வேண்டாம் என்றாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஷெட் வாசல்வரை வந்தவர், கேட்கலாமா கூடாதா என்று தயங்கியவர் போல நின்று கேட்டார்.

"இப்ப இன்னா வார்த்த பாத்துகினு கீற?"

அவள் காலையில் பார்த்தது கடல் பிராணிகளைப் பற்றிய புத்தகத்தின் சொல்லடைவு. பி வரிசை. ஒரு சின்ன நத்தையின் பெயர் இருந்தது.

"பெரிவிங்கிள்" என்றாள்.

ரோட்டில் ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. பின்னாலேயே வந்திருந்த ஜீவா கேட்டான், "பெரிவிக்கலா?"

"பெரிய விக்கல்டா" என்றார் கன்னியப்பன். "சும்மா யாராச்சும் நெனச்சா சின்ன விக்கலு வரும், தண்ணி குட்ச்சா நின்னுரும். அல்லாரும் ஒரே நேரத்துல நெனச்சிகினே கீறாங்கன்னு வெய்யி, அதுக்கு வர்றது. தண்ணி குட்ச்சாலும் நிக்காது."

ராபியா தலையசைத்தாள். நத்தை என்று சொல்லவில்லை. துணிப்பையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, போனை எடுத்து, அந்த வார்த்தையையும் அவர் சொன்ன பொருளையும் மறக்காமலிருக்க அங்கேயே நின்று அடித்தாள். கீழே கன்னியப்பன், ஜீவா என்று இரண்டு பெயரையும் போட்டாள். திங்கட்கிழமை ஒன்றேகால் மணிக்கு எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும் என்று கேட்டாள். ஜீவா தன் நம்பரைச் சொன்னான். அதை இரண்டுமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டு அவள் ரோட்டைக் கடந்தாள்.